மச்சானின் இடது கை

பந்தியில் எங்கள் மச்சானுக்குப் பரிமாறுவதென்றால் ஆட்கள் கொஞ்சம் தயங்குவார்கள். எங்கள் பக்கத்தில் ‘போதும்’ என்று வாயால் சொன்னால் மரியாதை கிடையாது. கூச்சத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி வைப்பார்கள். இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறைத்தால்தான் நிறுத்துவார்கள். மச்சான் ஒரு நாளும் மறைத்ததில்லை. சோறு வைக்கிறவன் வைத்துக்கொண்டே இருப்பான், இவர் பக்கத்து இலைக்காரரோடு கதை பேசிக்கொண்டே இருப்பார். இலையில் மலை எழும்பும். கடைசியில் வாளி காலியாகி, வைத்தவன்தான் வெட்கப்பட்டு நகருவான்.

“போடுறவன் போடட்டும் மாப்ளே, அவனாக் களைச்சு நிக்கட்டும். நான் எதுக்குக் கையைக் குறுக்க கொண்டாரணும்?” என்பார். அத்தனையையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இலுப்பூர் போய்ச் சேரும்வரை ஏப்பச் சத்தம்தான் எங்களுக்கு ஹாரன்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், அவர் குத்துச்சண்டை போட்டதும் இப்படித்தான்.

என் அக்காவின் வீட்டுக்காரர் அவர். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் வழியாக இலுப்பூர் போகும் பஸ்ஸுக்கு டிரைவர். நான் அதே பஸ்ஸில் கண்டக்டர். அவர் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. என் அக்காவே தன் ஆயுசில் ஒரு தடவைகூட அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் ஆபீசில் கேட்டபோதும் என்னைத்தான் சொல்லச் சொன்னாள். அவளே எடுத்துக்கொள்ளாத உரிமையை நான் எடுத்துக்கொள்வானேன்? மச்சான் என்றே இருக்கட்டும்.

ஆள் பீமசேனன் ஒன்றும் இல்லை. நடுத்தர உயரம். மார்பு மட்டும் அகலம், கழுத்தைத் தேட வேண்டும். மீசையை முறுக்கிவிட்டிருப்பார். அதில் ஒரு பக்கம் எப்போதும் கரி ஒட்டியிருக்கும். யுத்த காலம் அது. பெட்ரோல் கண்ணில் படாது. பஸ்ஸின் முதுகில் பெரிய இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில்தான் வண்டி ஓடியது. ஏற்றம் வந்தால் பிரயாணிகளை இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டும். மச்சானுக்கு அது அவமானம். “எறங்காதீங்க, என் வண்டி ஏறும்!” என்று அடம்பிடிப்பார். வண்டி பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும். அப்புறம் இறங்கித் தள்ளுவோம். மேலே போனதும், “பாத்தீங்களா, ஏறிருச்சு” என்பார்.

எதிரே எது வந்தாலும் ஒதுங்க மாட்டார். ஒருமுறை அன்னவாசலுக்கு இந்தப் பக்கம் வைக்கோல் வண்டி ஒன்று நேருக்கு நேர் வந்தது. வண்டிக்காரனும் நம் மச்சானுக்கு அண்ணன்காரன்போல இருக்கிறது, அவனும் ஒதுங்கவில்லை. இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. பிரயாணிகள் சத்தம் போட்டார்கள். கடைசியில் வண்டிக்காரன் மாட்டை இழுக்க, சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்துவிட்டது. உடனே மச்சான் குதித்து ஓடி, சக்கரத்துக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். உடம்பெல்லாம் வைக்கோலும் சேறும். அந்த ஆளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்து, “கோவிச்சுக்காதீங்கண்ணே” என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டார். இதில் எந்த மச்சான் நிஜம் என்று கேட்டால், இரண்டும்தான்.

வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவும் அவருக்குக் கை வராது. “நான் உள்ள படுத்திருக்கேன்ல, அப்புறம் தாழ்ப்பா எதுக்கு?” என்பார். ஒரு நாள் எவனோ வந்து அக்காவின் சீர்வரிசை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். இவர் கவலை வேறு. “நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுமாடா வந்திருக்கான்?” என்று அன்று முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். அண்டா போனதைவிட, திருடன் தன்னை மதிக்காமல் போனதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

குத்துச்சண்டை அவரிடம் வந்து சேர்ந்தது பஸ் ஷெட்டுக்குப் பின்னால். பட்டாளத்தில் காலில் அடிபட்டுத் திரும்பிய ஹவில்தார் ஒருவர் அங்கே ஒரு புளியமரத்தில் சாக்கு மூட்டையைத் தொங்கவிட்டு, கையில் தோல் கிளவுஸ் மாட்டிக் குத்திக்கொண்டிருப்பார். உள்ளே மரத்தூளும் மணலும். மச்சான் ஒரு நாள் எண்ணெய்க் கையோடு போய், “நான் ஒண்ணு குத்திப் பாக்கட்டுங்களா?” என்றார். குத்தினார். தையல் விட்டு மணல் கொட்டியது. ஹவில்தார் கொட்டுகிற மணலைப் பார்க்காமல் மச்சானின் வலது தோளையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் முதல் டிரிப்புக்கு முன்னால் மச்சானுக்கும் கிளவுஸ் வந்துவிட்டது.

வலது கை அவருக்குச் சாமி கொடுத்தது. அதில் ஹவில்தார் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை. அவர் நாள் தவறாமல் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் இடது கைக்காகத்தான்.

“வலது கை சம்பாதிக்கும்யா. எடது கைதான் அதைக் காப்பாத்தும். தூக்கு! கன்னத்துக்கிட்ட தூக்கு!”

“நாள் பூரா ஸ்டியரிங்குல தூக்கிக்கிட்டுத்தானங்க இருக்கு. இங்கயாச்சும் கொஞ்சம் தொங்கட்டுமே” என்பார் மச்சான்.

முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பது அவருக்கு ஒப்பவில்லை. “மொகத்தை மூடிக்கிட்டு நிக்க நான் என்ன கள்ளச் சாராயமா காய்ச்சினேன்?” என்று கேட்பார். இதற்குமேல் அவராக ஒரு சட்டமும் வைத்திருந்தார். அவர் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் முதல் இலை வந்தவருக்குத்தான். சொந்த அண்ணன் பசியோடு உட்கார்ந்திருந்தாலும் வெளியாளுக்கு இலை விழுந்த பிறகுதான் அண்ணனுக்கு. அதைக் கொண்டுபோய்ச் சண்டை மேடையிலும் வைத்துவிட்டார். எதிராளி வெளியூர்க்காரனாக இருந்தால் முதல் குத்து அவனுக்கு. மணி அடித்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகவாயை நீட்டி, “வாங்க தம்பி. நம்ம ஊருக்கு வந்திருக்கீங்க. மொத எலை ஒங்களுக்கு” என்பார். அவன் குத்துவான். இவர் தலையை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுச் சிரிப்பார். கூட்டம் கூரையைப் பிய்க்கும். அப்புறம் அந்த வலது கை வரும். அது இலுப்பூர் பஸ் மாதிரி. வருகிறது என்று தூரத்திலேயே தெரியும், ஆனால் ஒதுங்க வேண்டியவன் நீதான்.

திருவிழாப் பொட்டலிலும் கண்காட்சிக் கொட்டகையிலுமாக அவர் இப்படிப் பல பேரைப் படுக்கவைத்தார். ஜனங்கள் அவர் அடிப்பதைப் பார்க்க வந்தார்களா, அடி வாங்குவதைப் பார்க்க வந்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ‘பாக்ஸர் டிரைவர் பஸ்’ என்று எங்கள் வண்டிக்குப் பெயர் விழுந்தது. முன்னால் புறப்படும் பஸ்ஸை விட்டுவிட்டு எங்களுக்காகக் காத்திருந்து ஏறுவார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து, பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். ராஜா தர்பார் தோற்றுப்போகும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கண்டக்டர் விசிலை மேடைக்குக் கீழே நின்று ஊதியவன் நான்.

அப்படி ஒரு சண்டையில் காரைக்குடிப் பயில்வான் ஒருவனுடைய கட்டைவிரல் இடது கண்ணில் ஏறிவிட்டது. வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு, “கண்ணு முன்னாடி கொசு பறக்குதுடா மாப்ளே” என்று சொல்ல ஆரம்பித்தார். அக்கா முதலில் நிஜக் கொசு என்றே நினைத்து வேப்பிலைப் புகை போட்டாள். பிறகு அவளே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண் டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. இந்தக் கண்ணில் இன்னொரு பலமான அடி விழுந்தால் உள்ளே திரை கிழிந்துவிடும், அதை எந்த டாக்டராலும் ஒட்ட முடியாது, ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியாது, சண்டையை விட்டுவிடுங்கள் என்றார்.

விடலாம்தான். ஆனால் அப்போது யுத்த நிதிக்காக ஊரில் ஒரு பெரிய குத்துச்சண்டை ஏற்பாடாகி, மச்சானின் பேரைச் சொல்லித் தண்டோராவும் போட்டுவிட்டார்கள். திருச்சியில் ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் ஆங்கிலோ-இந்திய இளைஞர் ஒருவர் எதிராளி.

“தண்டோராப் போட்ட பெறகு போகாட்டி, நாளைக்கு எந்த மொகத்தோட பஸ்ஸுல உக்காருவேன்?” என்றார் மச்சான்.

“கண்ணு போனா பஸ்ஸுலயே உக்கார முடியாதேங்க” என்றாள் அக்கா.

“இந்த ஒண்ணு மட்டும். இதோட விட்டுர்றேன் புள்ள.”

அக்கா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். ஹவில்தார் செய்ய முடியாததைத் தான் செய்வதென்று கிளம்பிவிட்டாள். கையில் அகப்பையை எடுத்துக்கொண்டாள். அவர் சாப்பிடும்போது, சவரம் செய்யும்போது, செருப்பு மாட்டும்போது, எந்நேரமும் இடது பக்கமாக வந்து அகப்பையால் கன்னத்தில் ஒரு தட்டு. “தூக்குங்க கையை!” என்பாள். அவர் சிரிப்பார்.

“கட்டுன பொண்டாட்டி அடிக்கிறதுக்குமா புள்ள கையைத் தூக்குறது? அடி, நல்லா அடி.”

கன்னத்தில் குழம்பு வழிய உட்கார்ந்திருப்பார். கை மட்டும் எழும்பாது. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: “இந்த மனுசன் சோறு இல்லாம இருந்துருவாருடா. ஸ்டியரிங்கு இல்லாட்டி செத்துப்போவாரு. நீ அங்கிட்டு மேடைக்குப் பக்கத்துலயே நில்லு. கை எறங்குச்சுன்னா கத்து. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

சண்டை அன்று காலையில் அவள் உள்ளங்கையை நீட்டினாள். இடது கை இறங்காது என்று அவர் அதில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். அதை நான் பார்த்தேன். விளையாட்டாகச் செய்யவில்லை.

சாயங்காலம் மைதானத்தில் கயிறு கட்டிய மேடை. சுற்றிலும் பெட்ரோமாக்ஸ். இலுப்பூரிலிருந்தும் நார்த்தாமலையிலிருந்தும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எதிராளி மெலிந்த உருவம். சிவந்த முகம், படிய வாரிய தலை. மேடையில் ஏறியதிலிருந்து இரண்டு கையையும் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கிளவுஸுக்கு மேலே கண் மட்டும் தெரிய நின்றார். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. “முக்காடு போட்ட மருமகள்டா!” என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

மணி அடித்தது. மச்சான் சத்தியத்தைக் காப்பாற்றினார். இடது கை கன்னத்தில் இருந்தது. முதல் இலையும் கொடுக்கவில்லை. ஹவில்தாருக்கு நம்ப முடியவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். எதிராளி எட்டி எட்டிக் குத்தியதெல்லாம் கிளவுஸில்தான் பட்டது. இவருடைய வலது கை ஒரு தடவை விலாவில் இறங்க, அந்தப் பையன் மடங்கி நிமிர்ந்தார். அந்த ரவுண்டு மச்சானுக்குத்தான். அப்படியே போயிருந்தால் ஜெயித்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கூட்டம் சும்மா இருந்தது. விசில் இல்லை, கைதட்டல் இல்லை. நாலு ஊர் ஜனமும் ஏமாந்தாற்போல உட்கார்ந்திருந்தது. அந்த அமைதியில் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

“என்ன டிரைவரே, விருந்தாளி வந்திருக்காரு, எலை போடலையா?”

இன்னொருவன், “டிரைவருக்கும் ஒரு முக்காடு எடுத்துக் குடுங்கடா!” என்றான்.

இரண்டாவது ரவுண்டுக்கு எழுந்தபோதே அவர் காது சிவந்திருந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், அக்காவை நெனைச்சுக்கங்க” என்றேன். “நெனைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்டா” என்றார். நடு மேடைக்குப் போனார். நின்றார். இடது கை மெல்ல இறங்கியது. பிறகு இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயின.

“வாங்க தம்பி. மொத எலை...”

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. “மச்சான், எடது கை! எடது கை!” என்று கத்தினேன். அந்தக் கூச்சலில் என் குரல் அவருக்கு எப்படிக் கேட்டதோ, கேட்டது. என் பக்கம் திரும்பிச் சிரித்தார். ‘பாத்துக்கிட்டே இரு’ என்கிற சிரிப்பு.

எதிராளி ஒரு கணம் தயங்கினார். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனிதனை அடிப்பது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. நடுவர் ‘அடி’ என்று சைகை காட்டினார். பிறகு வந்தது ஒரு வலது கைக் குத்து. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மச்சான் நெல் மூட்டை சாய்கிற மாதிரி சாய்ந்தார்.

எழுந்தார். இனிமேலாவது மறைப்பார் என்று நினைத்தேன். எங்கே? அவமானம் அவரைப் பிடித்துத் தள்ளியது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்தார். அந்த வலது கை காற்றைத்தான் குத்தியது. அவர் ஒவ்வொரு தடவை பாயும்போதும் அந்தப் பையன் ஒதுங்கி, அதே இடது கண் பக்கமாக, சுவரில் ஆணி அடிப்பது மாதிரி அமைதியாக அடித்தார். மறுபடி விழுந்தார். மறுபடி எழுந்தார். ஹவில்தார் அழுதுகொண்டே துண்டை மேடையில் வீசினார். மச்சான் அந்தத் துண்டை எடுத்துத் திருப்பி வீசினார். அதற்குள் நடுவர் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

முகத்தில் ரத்தம் வழிய அவர் முதலில் செய்த காரியம், எதிராளியின் கையைப் பிடித்துத் தூக்கி நாலு பக்கமும் காட்டியது. “நல்ல அடி தம்பி. நல்ல அடி” என்றார். இலை கேட்டுக் கத்தியவர்கள் அப்போது மாட்டை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் என் தோளில் சாய்ந்து நடந்தவர் சொன்னார்: “அவன் எங்கடா அடிச்சான்? நான்ல கொடுத்தேன்.”

அக்கா வாசலிலேயே நின்றாள். வீங்கிப்போன முகத்தைப் பார்த்தாள். அழவில்லை.

“கையத் தூக்கினீங்களா?”

“மொத ரவுண்டு பூராத் தூக்கினேன் புள்ள. வேணும்னா மாப்ளையக் கேளு.”

அவள் என்னைக் கேட்கவில்லை. வெந்நீர் வைக்க உள்ளே போனாள்.

வீக்கம் வடிந்ததும் மச்சான் மறுபடி பஸ் எடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொன்னார். நாங்களும் நம்பினோம், நம்ப ஆசையாக இருந்தது. சில நாள் கழித்து அன்னவாசல் திருப்பத்தில் இடது ஓரமாக ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். வண்டி அவளை நோக்கியே போகிறது. அவர் பார்க்கவில்லை. நான் படியில் தொங்கிக்கொண்டு விசிலை ஊதினேன். வண்டி நின்றபோது அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு குடம் வைக்கத்தான் இடம் இருந்தது. அந்தக் குடம் கீழே விழுந்து உருண்டுகொண்டிருந்தது.

மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். இடது கண்ணைத் திறந்து எதிரே பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, “மாப்ளே, படியிலயே நில்லு. எடது பக்கம் என்ன வருதுன்னு சொல்லிக்கிட்டே வா” என்றார். இலுப்பூர்வரை நான் சொல்லிக்கொண்டே போனேன். ஆடு, சைக்கிள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மாட்டு வண்டிக்கெல்லாம் ஒதுங்கினார். அன்றைக்குத்தான் அவர் ஒதுங்கிப் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். முதலாளிக்கு நல்ல டிரைவரை விட மனமில்லை. “யாருக்கய்யா தெரியப்போவுது? மெதுவா ஓட்டிக்கிட்டு இரு. அதான் மச்சினன் படியில நிக்கிறான்ல” என்றார்.

“அந்தப் பொம்பளை கொடத்தோட நின்னுச்சுங்க மொதலாளி. நான் பாக்கல” என்றார் மச்சான். அவ்வளவுதான். வண்டி ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடியை மேசைமேல் வைத்தார்.

எந்தக் குணம் அவர் கண்ணை வாங்கியதோ, அதே குணம்தான் அந்தப் பெண்ணையும் இன்னும் எத்தனை பேரையோ காப்பாற்றியது என்று நினைக்கிறேன். முகத்தை மறைக்கத் தெரியாதவருக்குக் குருட்டுக் கண்ணை மட்டும் மறைக்கத் தெரியுமா என்ன? அவர்மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. அந்தக் கைப்பிடியை மேசைமேல் வைத்த சத்தத்தை நினைத்தால் அத்தனையும் அடங்கிவிடும்.

அக்கா பயந்த மாதிரி அவர் செத்துப்போகவில்லை. ஆனால் பேச்சுக் குறைந்தது. ஷெட்டில் கரி அடுப்பு பழுது பார்த்தார், பஸ் புறப்படும் நேரத்தில் நின்று, “அன்னவாசல், இலுப்பூர்!” என்று கூவி ஆள் ஏற்றினார். வண்டி கிளம்பியதும் அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். புது டிரைவர் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் முகம் சுளிக்கும். வெளியே போகும்போது அக்கா அவருக்கு இடது பக்கத்தில், அரை அடி முன்னால் நடந்தாள். புருஷனுக்கு முன்னால் நடக்கிறாள் என்று கீழ ராஜ வீதியில் சிரித்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. இடது பக்கம் மாடு வந்தால் அவள் தோள் முதலில் போய் இடிக்கும். அவர் இதைப் பற்றி ஒன்றும் பேசியதில்லை. தோற்றதைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அதே பழைய பாட்டு: “அவன் எங்க அடிச்சான்? நான்ல கொடுத்தேன்.”

கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தத் திருச்சி இளைஞர் கையில் ஒரு கேக் பொட்டலத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். கண் போன விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரியவந்ததாம். “ஐயா, நான் வேணும்னு பண்ணலை. கையை எறக்கிட்டீங்க. நான்...” என்று அவர் தடுமாற, மச்சான் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், “அட, வாங்க தம்பி! சாப்பிட்டுட்டுப் பேசலாம். ஏ புள்ள, எலை போடு. மொத எலை தம்பிக்கு!” என்றார். அவர் குரல் அப்படி ஒலித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அக்கா கேக் பொட்டலத்தைத் தொடவில்லை. இலை போட்டாள். அரிசி கிடைக்காத காலம். பண்டிகைக்கென்று மண்பானையில் சேர்த்து வைத்திருந்ததை வடித்தாள். விருந்தாளிக்கு முதலில், அடுத்து மச்சானுக்கு, பிறகு எனக்கு. விருந்தாளி இலையில் சோறு வைத்தாள். இன்னும் வைத்தாள். “போதும் அம்மா” என்றார் அவர். வைத்தாள். “போதும், போதும்.” வைத்தாள். அவள் கோபத்துக்கு அன்றைக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. இலையில் மலை எழும்பிவிட்டது. பிளேட்டில் சாப்பிட்டுப் பழகியவர், என்ன செய்வதென்று தெரியாமல் வியர்த்தார்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். “வாயால சொன்னா எங்க ஊருல நிக்க மாட்டாங்க தம்பி. கையைத் தூக்கி மறைக்கணும்!”

அந்தப் பையனுக்குத் தெரிந்த மறைப்பு ஒன்றுதான். இரண்டு கையையும் கன்னத்துக்குத் தூக்கி, முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்புப் புரையேறிவிட்டது.

“மொகத்தை இல்லீங்க, எலையை. இந்தா, இப்படி...” என்று மச்சான் தன் இடது கையைத் தூக்கி, தன் இலைக்குக் குறுக்கே விரித்துக் காட்டினார்.

அதே நேரத்தில் அக்கா அவருக்கு இடது பக்கத்தில் வந்து அகப்பையில் சோற்றோடு குனிந்திருந்தாள். அவள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. அகப்பை அந்தக் கைமேல் முட்டி நின்றது.

அக்கா அந்தக் கையையே பார்த்தாள்.

“இம்புட்டுச் சுளுவா வருமாங்க இந்தக் கை?” என்றாள். “அன்னைக்கு ஒரு தடவை தூக்கியிருந்தா என்னங்க?”

மச்சான் தலையை முழுவதும் இடது பக்கம் திருப்பி, நல்ல கண்ணால் அவளைத் தேடிப் பிடித்தார். ‘நான்ல கொடுத்தேன்’ என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“தூக்கியிருக்கணும் புள்ள” என்றார்.

அக்கா அகப்பையையும் சோற்றுப் பானையையும் கீழே வைத்தாள். விருந்தாளி எதிரில் இருக்க, ஆண்கள் பந்தியில், அவருக்கு இடது பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அழுதாள். மச்சானின் இடது கை இலையை மறைத்தபடியே இருந்தது. நான் எழுந்துபோய் மோர்ச் சட்டியை எடுத்துவந்து எல்லோருக்கும் ஊற்றினேன். அக்காவுக்கும் ஒரு இலை போட்டேன்.